28 மாட்யூல்கள், 3 சென்சார்கள்: ஹைபிரிட் பேட்டரி தன் சூட்டை எங்கே தொட்டுப் பார்க்கிறது?

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் டொயோட்டா பிரியஸ். அதன் இரண்டாம் தலைமுறையில், பின்சீட்டுக்குப் பின்னால், டிக்கித் தரைக்குக் கீழே, பேட்டரி அடங்கிய ஓர் உலோகப் பெட்டி இருக்கிறது. அதற்குள் 28 மாட்யூல்கள், அலமாரியில் நெருக்கி அடுக்கிய புத்தகங்களைப் போல வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் 6 செல்கள்; ஆக மொத்தம் 168. இத்தனை செல்களின் சூட்டையும் தொட்டுப் பார்க்க அந்தப் பெட்டிக்குள் இருப்பவை மூன்றே மூன்று சென்சார்கள். நான்காவதாக ஒன்று உண்டு. உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் மீதி 25 மாட்யூல்களின் சூடு காருக்கு எப்படித் தெரியும்? நேரடியாகத் தெரியாது. மூன்று இடங்களில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பேட்டரியின் கணினி ஊகிக்கிறது. அந்த ஊகம் எவ்வளவு சரியாக இருக்கும் என்பது சென்சாரின் தரத்தைவிட, சென்சார் எந்த இடத்தில், எவ்வளவு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. காரின் கணினியில் உள்ள தகவலைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் ‘பேட்டரி வெப்பநிலை 38 டிகிரி’ என்று ஒரு வரி வந்தால், அது பேட்டரியின் வெப்பநிலை என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட மாட்யூலின் பிளாஸ்டிக் உறையில், ஒரு குறிப்பிட்ட இடத்தின் வெப்பநிலை. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் ஹைபிரிட் பேட்டரியைப் பற்றிய பல குழப்பங்கள் தெளியும்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்த மாட்யூல்கள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஒரு மாட்யூலுக்கு 7.2 வோல்ட், 28 மாட்யூல்களும் தொடராக இணைந்து 201.6 வோல்ட். கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. ஒரு மாட்யூலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. தடிமன் இரண்டு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எல்லாம் தொடர் இணைப்பு என்பதால் ஒரு மாட்யூலில் ஓடும் அதே மின்னோட்டம்தான் மற்ற 27 மாட்யூல்களிலும் ஓடும். ஆகவே எந்த மாட்யூல் எவ்வளவு சூடாகும் என்பதை மின்னோட்டம் தீர்மானிப்பதில்லை. அதனதன் உள்மின்தடையும், அதனதன் மேல் படும் காற்றும்தான் தீர்மானிக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாட்யூலின் உள்மின்தடை 10 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் நின்று நின்று போகும்போது பேட்டரிக்குள் மின்னோட்டம் போவதும் வருவதுமாக இருக்கும். சூட்டுக் கணக்குக்கு அதை 20 ஆம்பியர் என்று எடுத்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க, மாட்யூலுக்கு 4 வாட் வருகிறது. அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ எடையுள்ள மாட்யூலில் 4 வாட் தொடர்ந்து இறங்கி, காற்றே படாமல் இருந்தால், நாலு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் ஏறும். ஒரு மணி நேரத்தில் 16 டிகிரி. காலையில் 35 டிகிரியில் கிளம்பிய பேட்டரி, அலுவலகம் போய்ச் சேரும்போது 50-ஐத் தாண்டியிருக்கும். மலை ஏறும்போது 50 ஆம்பியர் ஓடினால் மாட்யூலுக்கு 25 வாட். அப்போது முக்கால் நிமிடம் ஆவதற்குள்ளேயே ஒரு டிகிரி ஏறிவிடும். இவ்வளவு சூட்டையும் வெளியே தள்ளுவது ஒரு ஃபேன். பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னல் மாதிரியான வென்ட் வழியாக, நாம் உட்கார்ந்திருக்கும் கேபினின் காற்றை இழுத்து, மாட்யூல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய சந்துகளுக்குள் செலுத்தி வெளியேற்றுகிறது.

இதைத் தவிர இன்னொரு சூடும் உண்டு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நிரம்பும் தறுவாயில், உள்ளே அனுப்பும் மின்சாரம் சேமிப்பாக மாறாமல் ஆக்சிஜன் உண்டாவதற்கும், அந்த ஆக்சிஜன் எதிர்த் தகட்டில் மீண்டும் சேர்வதற்குமே செலவாகிறது. அதாவது அத்தனையும் சூடாகிறது. பிரியஸின் கணினி பேட்டரியை 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையிலேயே வைத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் 168 செல்கள் தொடராக இருக்கும்போது, கொள்ளளவு தேய்ந்துபோன ஒரு செல் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிவிடும். சின்ன டம்ளரும் பெரிய டம்ளரும் வரிசையாக வைத்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் எது முதலில் வழியுமோ அதுதான். மொத்தப் பேக்கும், அதாவது 28 மாட்யூல்களும் சேர்ந்த முழுப் பேட்டரியும், 70 சதவீதத்தில் இருப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்க, அந்த ஒரு செல் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும்.

இனி சென்சார்களின் இடம். வடிவமைப்பாளர் முன்னால் இருக்கும் கேள்வி இது: மூன்று இடங்களில்தான் தொட முடியும் என்றால் எந்த மூன்று?

புத்தக வரிசையை மறுபடி நினைத்துப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் இருக்கும் மாட்யூல்களுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சூடான அண்டை வீட்டுக்காரர். மறுபக்கம் வரிசையை இறுக்கிப் பிடிக்கும் தடித்த தகடு. அந்தத் தகடும் பெட்டியும் சூட்டை வாங்கி வெளியே விடும். நடுவில் இருப்பவற்றுக்கு இரண்டு பக்கமும் தன்னைப் போலவே சூடான மாட்யூல்கள். காற்று சமமாகப் பிரிந்து எல்லாச் சந்துகளுக்குள்ளும் போனாலும்கூட நடு மாட்யூல்கள்தான் கூடுதலாகச் சூடாகும். பழைய பேக்குகளைப் பிரித்து மாட்யூல்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பவர்கள் இதை வருடக்கணக்காகப் பார்த்து வருகிறார்கள்: செத்துப்போன மாட்யூல் பெரும்பாலும் வரிசையின் நடுப்பகுதியில்தான் கிடைக்கும்.

ஆனால் காற்று சமமாகப் பிரிவதும் இல்லை. ஃபேனுக்கு அருகில் இருக்கும் சந்துகளுக்கும் தூரத்தில் இருக்கும் சந்துகளுக்கும் கிடைக்கும் காற்றின் அளவு மாறும். காற்று உள்ளே நுழையும் அறை, வெளியேறும் அறை இவற்றின் வடிவம், மாட்யூலின் பக்கச் சுவரில் இருக்கும் சிறு புடைப்புகள், பெட்டியின் மூலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வரைபடத்தை உண்டாக்குகின்றன. அதில் மிகச் சூடான இடம் ஒன்று, மிகக் குளிர்ந்த இடம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று பிடித்துவிட்டால், புதிய பேக்கைப் பொறுத்தவரை மூன்று சென்சார்கள் போதும். மிகச் சூடான எண் ஃபேனை எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும், மின்சாரத்தை எப்போது குறைக்க வேண்டும் என்று சொல்லும். மிகக் குளிர்ந்த எண் குளிர்காலக் காலையில் பேட்டரியிடம் எவ்வளவு கேட்கலாம் என்று சொல்லும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, பேக் முழுவதும் ஒரே சீராகத் தேய்கிறதா என்று காட்டும். பேக்குக்குள் வெப்பநிலை வித்தியாசம் சில டிகிரிகளுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகப் பின்பற்றும் இலக்கு.

இந்த வரைபடத்தை யாரும் மேசையில் உட்கார்ந்து கற்பனையால் வரைவதில்லை. சோதனைப் பேக் ஒன்றில் சூட்டை அளக்கும் மெல்லிய ஒயர்களான தெர்மோகப்பிள்களை ஏராளமாக ஒட்டி, காரை உருளைகளின் மேல் ஓட்டி, எங்கே சூடாகிறது என்று அளந்துதான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2000-களின் தொடக்கத்தில் பிரியஸ், ஹோண்டா இன்சைட் இரண்டின் பேக்குகளையும் இப்படித்தான் சோதித்தது. ஆய்வகத்தில் பல புள்ளிகள். விற்பனைக்கு வரும் காரில் மூன்று. விலையும் ஒயர்களின் எண்ணிக்கையும் மட்டும் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு சென்சாரும், அதன் ஒவ்வொரு கனெக்டரும் பத்து வருடம் கழித்துத் துருப்பிடிக்கக்கூடிய ஓர் இடம். பொய்த் தகவல் தரக்கூடிய ஒரு வாய். அளவாக வைப்பதிலும் பொறியியல் இருக்கிறது.

நான்காவது சென்சார், அதாவது உள்ளே வரும் காற்றை அளப்பது, பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் என் பார்வையில் மிகவும் புத்திசாலித்தனமான இடத்தில் இருக்கிறது. பேட்டரி 45 டிகிரியில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் என்ன செய்வது? உள்ளே வரும் காற்று 26 டிகிரி என்றால் ஃபேனை வேகமாகச் சுற்றினால் பயன் உண்டு. உள்ளே வரும் காற்றே 50 டிகிரி என்றால் ஃபேன் சுற்றச் சுற்றப் பேட்டரி இன்னும் சூடாகத்தான் செய்யும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரைக் கிளப்பும்போது நடப்பது இதுதான். கேபின் குளிரும்வரை பேட்டரிக்கும் குளிர்ச்சி கிடையாது. ஏசி போட்டால் மைலேஜ் குறையும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள், அந்த ஏசிக் காற்றைத்தான் பேட்டரியும் சுவாசிக்கிறது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த பிரியஸும், டொயோட்டாவின் சிறிய ஹைபிரிட்டான அக்வாவும் அங்கே யாழ்ப்பாணம் முதல் கொழும்புவரை தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. அக்வாவில் 20 மாட்யூல், 144 வோல்ட். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில். வென்ட் கால்மாட்டுக்கு அருகில் இருப்பதால் தூசியும் மணலும் முடியும் அதற்குள் இழுபடுகின்றன. வென்ட் பாதி அடைத்துக்கொண்டாலும் காற்றுச் சென்சார் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஏனென்றால் வருகிற கொஞ்சக் காற்றும் குளிர்ந்த காற்றுதான். ஆகவே காற்று 27, பேட்டரி 49, ஃபேன் முழு வேகம் என்று மூன்றும் சேர்ந்து ஸ்கேனரில் தெரிந்தால், பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் வென்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2022-இன் இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டும் நிக்கல் பேட்டரியோடுதான் வருகிறது என்பதால், இந்த வென்ட் விவகாரம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இனிப் பழகப்போகும் ஒன்று.

சரி, அந்த மூன்று சென்சார்களை எங்கே தேடுவது? மேல்மூடியைத் திறந்தவுடன் கண்ணில் படுவது மாட்யூல்களின் தலைப்பகுதி, ஏதாவது வாயு கசிந்தால் வெளியே கொண்டுபோகும் குழாய், இரண்டு பக்கங்களிலும் ஆரஞ்சு நிறச் சட்டங்களுக்குள் தாமிரப் பட்டைகள். சென்சார் எதுவும் தெரியாது. பலர் இங்கேயே குழம்பிவிடுகிறார்கள். அவை மாட்யூல்களின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. பெட்டியின் ஓரத்தில் பேட்டரியின் கணினி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய ஒயர்க் கொத்தைப் பின்தொடர்ந்தால், அது வரிசையின் அடியில் ஓடி, மூன்று இடங்களில் ஒவ்வொரு சிறு கிளிப்பில் முடியும். மாட்யூலை அடியிலிருந்து பிடித்திருக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுகளைக் கழற்றப் பேக்கைச் சாய்த்தால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். அவசரமாக மாட்யூலை மேலே உருவினால் கிளிப்பின் காது ஒடிந்துவிடும்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வீஸ் பிளக்கை உருவி, குறைந்தது 5 நிமிடம் காத்திருந்து, மின்சாரத்துக்கான ரப்பர் கையுறை போட்டு, மீட்டரில் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பிளக்கை உருவினால் தொடர் நடுவே ஓரிடத்தில் அறுபடுமே தவிர, மாட்யூல்களில் இருக்கும் மின்சாரம் எங்கும் போய்விடாது. அறுபட்ட இரண்டு துண்டுகளிலும் உயிரை எடுக்கும் வோல்ட் மிச்சம் இருக்கும். பழகாதவர்கள் இதைப் படித்துப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏன் அடிப்பக்கம்? சூடு உண்டாவது மாட்யூலின் வயிற்றில்தானே, அங்கே வைக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். மாட்யூலின் பெரிய பக்கச் சுவர்கள் இரண்டும் பக்கத்து மாட்யூலோடு இறுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் இருப்பது காற்றுக்கான சந்து மட்டும். அங்கே சென்சார் வைத்தால் சந்து அடைபடும். அது மட்டுமில்லாமல், அது மாட்யூலை அளக்கிறதா, ஓடும் காற்றை அளக்கிறதா என்று சொல்ல முடியாது. தலைப்பகுதியில் வாயுக் குழாயும், பக்கவாட்டில் உயர் வோல்டேஜ் முனைகளும் இருக்கின்றன. உறையைத் துளைத்து உள்ளே வைக்கலாம் என்றால், உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; துளை என்பது கசிவு. ஆக மிஞ்சுவது அடிப்பகுதி. அங்கே உறையை ஒட்டினாற்போல் உட்காரலாம்; மின்முனைகளிலிருந்து விலகியும் இருக்கலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். வயிற்றில் ஏறிய சூடு சுவரைத் தாண்டிச் சென்சாரைத் தொடுவதற்குள் நேரம் ஆகிவிடும். தொடும்போதும் முழுதாகத் தொடாது. பேட்டரி வேலை செய்துகொண்டிருக்கும்வரை உள்ளே இருக்கும் உண்மைச் சூடு, சென்சார் காட்டும் எண்ணுக்குப் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் ஸ்கேனரில் எண் ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். கணினியின் நிரலை எழுதியவர்கள் இந்தத் தாமதத்தையும் கணக்கில் எடுத்துத்தான் ஃபேனை முன்கூட்டியே முடுக்குகிறார்கள்.

சென்சார் என்று சொல்வது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையை எடுத்துக்கொண்டால் 25 டிகிரியில் 10 கிலோஓம், உறைநிலையில் சுமார் 33 கிலோஓம், 50 டிகிரியில் சுமார் 3.6 கிலோஓம் இருக்கும். இந்த மாற்றத்தைக் கணினி வோல்டேஜாக மாற்றிப் படிக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒயர் அறுந்துபோனால் மின்தடை எல்லையில்லாமல் போகும், கணினிக்கு அது கடுங்குளிராகத் தெரியும். ஷார்ட் ஆனால் கொடுஞ்சூடாகத் தெரியும். மதுரையில் மே மாதத்தில் பேட்டரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே என்று வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். கணினியும் நம்பாது, பி0ஏ9பி என்ற பிழைக் குறியீட்டைப் போட்டுவிடும். காற்றுச் சென்சாருக்குப் பி0ஏஏசி. இப்படி வெளிப்படையாகச் செத்துப்போன சென்சார் கண்டுபிடிக்க எளிது. கஷ்டமானது, உயிரோடு இருந்துகொண்டே தவறான இடத்தில் தொங்கும் சென்சார்தான்.

அப்படி ஒன்றைக் கோவையில் ஒரு பட்டறையில் பார்த்தேன். பழைய பிரியஸ் ஒன்று. வேறெங்கோ பேட்டரியைப் பிரித்து இரண்டு மாட்யூல்கள் மாற்றியிருக்கிறார்கள். நாலு மாதத்தில் மறுபடி டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு. “மூணு சென்சாரும் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா, மீட்டர்ல ஒரே ரீடிங்தான் வருது” என்றார் அங்கிருந்த இளம் மெக்கானிக். அவர் சொன்னது உண்மை. பேக்கைச் சாய்த்துப் பார்த்தபோது நடு சென்சாரின் கிளிப் மாட்யூலில் மாட்டப்படாமல், ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்யூலுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஃபேன் காற்று அதன் மேல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது மூன்றும் ஒரே எண். ஓடும்போது நடுவில் இருப்பதுதான் மூன்றிலும் குளிர்ந்தது என்று காட்டியிருக்கும். எல்லா பேக்கிலும் அதிகமாகச் சூடாகிற இடம் எதுவோ, அது இந்த பேக்கில் குளுகுளுவென்று இருப்பதாகக் கணினி நம்பியிருக்கிறது. அந்தக் கிளிப் உட்காரும்போது ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்காமல் மூடியைப் போட்டிருக்கிறார்கள்.

சரியாக மாட்டியிருந்தாலும் மூன்று சென்சார்களுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்த மிகச் சூடான இடம், எல்லா மாட்யூல்களும் ஒரே மாதிரி இருக்கும் புதிய பேக்குக்கானது. பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு மாட்யூலின் உள்மின்தடை இரண்டு மடங்காகிவிட்டது என்று வையுங்கள். அதே 20 ஆம்பியருக்கு அது 4 வாட்டுக்குப் பதில் 8 வாட் சூடாகும். மிகச் சூடான இடம் இப்போது அங்கே நகர்ந்துவிட்டது. சென்சார் பழைய இடத்திலேயே இருக்கிறது. பக்கத்து மாட்யூலில் சென்சார் இருந்தால் கொஞ்சமாவது தெரியும். ஐந்தாறு மாட்யூல் தள்ளி இருந்தால் எதுவும் தெரியாது.

இந்த இடத்தில்தான் வோல்டேஜ் கைகொடுக்கிறது. பிரியஸின் கணினி வெப்பநிலையை மூன்று இடங்களில்தான் பார்க்கிறது. ஆனால் வோல்டேஜை இரண்டிரண்டு மாட்யூலாக 14 இடங்களில் பார்க்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் 50 ஆம்பியர் ஓடும்போது நல்ல ஜோடி ஒன்று 1 வோல்ட் தாழும். கெட்ட மாட்யூல் இருக்கும் ஜோடி 1.5 வோல்ட் தாழும். அரை வோல்ட் வித்தியாசம் ஆக்ஸிலரேட்டரை மிதித்த அந்தக் கணமே தெரிந்துவிடும். சூடாகத் தெரிவதற்கு நிமிடங்கள் வேண்டும். அதுவும் பக்கத்தில் சென்சார் இருந்தால். அதனால்தான் பி3011 முதல் பி3024 வரை ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குறியீடு தனியாக வைத்திருக்கிறார்கள். மாட்யூலின் நோயைக் கண்டுபிடிப்பது வோல்டேஜின் வேலை. பேக்கின் பொதுவான உடல்நிலையையும் காற்றோட்டத்தையும் கவனிப்பது வெப்பநிலையின் வேலை. இந்தப் பங்கீடு எனக்குச் சரியானதாகவே படுகிறது.

ஹோண்டா இதே கேள்விக்கு வேறொரு பதில் சொன்னது. 1999-இல் வந்த முதல் இன்சைட்டின் பேக்கில் டார்ச் லைட் செல் அளவிலான 120 உருளை செல்கள். ஆறு ஆறாகக் கோத்த 20 குச்சிகள், 144 வோல்ட். சில இடங்களில் தெர்மிஸ்டர்களும் உண்டு. அதோடு ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு சிறு பட்டையை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாக இணைத்திருந்தார்கள். இந்தப் பட்டை தெர்மிஸ்டருக்கு நேர்மாறு. குறிப்பிட்ட சூடுவரை அதன் மின்தடை பேசாமல் இருக்கும். அதைத் தாண்டியவுடன் சட்டென்று பல மடங்கு எகிறும். 120-இல் ஏதாவது ஒரு செல் கொதித்தாலும் சங்கிலி மொத்தமும் எகிறும். எது கொதிக்கிறது, எத்தனை டிகிரி என்று அது சொல்லாது. ‘எங்கேயோ ஒன்று எல்லை தாண்டிவிட்டது’ என்று மட்டும் சொல்லும். தெர்மிஸ்டர், வைத்த இடத்தில் மட்டும் துல்லியம். பட்டைச் சங்கிலி, எல்லா இடத்திலும் காவல். ஆனால் ஒரே ஒரு சொல்தான் தெரியும். உருளை செல்களைத் தனித்தனியாகச் சுற்றி ஒட்ட முடிந்ததால் ஹோண்டாவால் அது முடிந்தது. ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் ஆறு செல்லை அடைத்த பிரியஸ் மாட்யூலில் அதற்கு இடமே இல்லை.

செல் சூடாவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பேக்குக்குள் செல் அல்லாத ஒன்றும் சூடாகும்: இணைப்புகள். 2008 ஜூனில் அமெரிக்காவின் தென் கரோலினாவில், லித்தியம் பேட்டரி பொருத்தி, வெளியே பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன்னாக மாற்றிய ஒரு பிரியஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. யாருக்கும் காயம் இல்லை. விசாரணையில் குற்றவாளியாகத் தெரிந்தது செல்லின் வேதியியல் இல்லை. சரியாக இறுக்கிப் பொருத்தாத போல்ட் இணைப்பு. தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடுகிறது, சூடாகிறது, சூட்டில் மேலும் தளர்கிறது. செல்லின் உறையில் ஒட்டிய சென்சாருக்கு இது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். பிரியஸின் தாமிரப் பட்டைகளைப் பிடிக்கும் நட்டுகளுக்கு 5.4 நியூட்டன் மீட்டர் என்று கணக்காக முறுக்கு அளவு கொடுத்திருப்பது இதனால்தான். அதற்குக் குறைந்தால் இணைப்பு கொதிக்கும். கூடினால் பிளாஸ்டிக்கில் பதிந்த திருகு பிடுங்கிக்கொண்டு வரும். கடற்கரை ஊர்களில் அந்தப் பட்டைகளில் பச்சை பூத்திருப்பதைப் பார்த்தால் தேய்த்துச் சுத்தம் செய்யாமல் திரும்பப் பூட்டக் கூடாது.

லித்தியம் ஹைபிரிட்டுகளில் இந்த இடப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. நிக்கல் பேட்டரி அதிகம் சூடானால் ஆயுள் குறையும். லித்தியம் அதிகம் சூடானால் ஆபத்தே வரும். குளிரில் வேகமாகச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். ஆகவே அங்கே மிகச் சூடான செல்லும் தெரிய வேண்டும், மிகக் குளிர்ந்த செல்லும் தெரிய வேண்டும். செல்லின் தலையிலோ, தாமிரப் பட்டையிலேயோ சென்சாரை ஒட்டுவது இதற்காகத்தான். இணைப்பின் சூடும் செல்லின் சூடும் அந்த இடத்தில் சேர்ந்து தெரியும்.

பிரித்த பேக் ஒன்றைத் திரும்பப் பூட்டுகிறவர்கள் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இரண்டு. முதலாவது, எந்தச் சென்சார் எந்த எண் என்று கண்டுபிடிப்பது. கிளிப்புகள் கழன்றிருக்கும்போதே ஒரு சென்சாரின் நுனியை விரல்களுக்கு இடையே ஒரு நிமிடம் பொத்திப் பிடித்தால் போதும். கணினிக் கனெக்டரில் மூன்று ஜோடி முனைகளையும் ஓம் மீட்டரில் பார்த்தால், இரண்டு அசையாமல் இருக்க ஒன்று மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். விரலை எடுத்தால் மெல்ல ஏறும். அதை ஒரு துண்டுத் தாளில் குறித்து ஒயரில் கட்டிவிட வேண்டும். பேக்குக்குள் போன பிறகு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாட்யூல்களை இடம் மாற்றி அடுக்குகிறவர்கள், அதாவது நடுவில் வெந்தவற்றை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்தவற்றை நடுவுக்கும் கொண்டுபோகிறவர்கள், சென்சாரை மாட்யூலோடு சேர்த்து நகர்த்தக் கூடாது. அது மாட்யூலுக்கான சென்சார் இல்லை, இடத்துக்கான சென்சார்.

இரண்டாவது சோதனைக்கு ஓர் இரவு வேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி, விடிந்ததும் கதவைத் திறந்து, இன்ஜின் ஓடத் தொடங்குவதற்கு முன் ஸ்கேனரில் நான்கு எண்களையும் பாருங்கள். இரவு முழுக்க ஓய்வெடுத்த பேக்கில் மூன்று சென்சார்களும் காற்றுச் சென்சாரும் ஓரிரு டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நான்கும் பிரிந்திருக்க வேண்டும்: காற்று கீழே, நடுப்பகுதி மேலே, மற்ற இரண்டும் இடையில். காலையில் ஒன்றாக இருந்து, ஓடிய பிறகும் நடு எண் காற்றின் எண்ணோடு ஒட்டிக்கொண்டே வந்தால், டிக்கித் தரையை மறுபடி தூக்க வேண்டியதுதான். அடியில் எங்கோ ஒரு கிளிப் தொங்கிக்கொண்டிருக்கிறது.